ஊர் ஆறு வருடம் முன்பு, அணி நான்கு நாள் முன்பு

2019 மார்ச் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கும் ஃபார்கோ நகரில், ஷீல்ஸ் அரீனா என்ற அரங்கில் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஓரங்களில் ஒதுக்கிய பனி கறுத்துக் கிடந்தது. உள்ளே ஐஸ் ஹாக்கி. அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் முதல் சுற்று. ஒரு பக்கம் செயின்ட் கிளவுட் ஸ்டேட், அந்த வருடம் நாட்டின் முதல் இடத்தில் இருந்த அணி. மறுபக்கம் அமெரிக்கன் இன்டர்நேஷனல் காலேஜ். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கும் சின்னக் கல்லூரி. தேசியப் போட்டிக்குள் அவர்கள் நுழைந்ததே அதுதான் முதல் முறை. 2-1 என்று ஜெயித்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தின் பச்சை நிற ஜெர்சி போட்டிருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸ் அங்கிருந்து வடக்கே சுமார் 130 கிலோமீட்டர். அந்த வருடம் அவர்கள் அணி தேசியப் போட்டிக்குத் தகுதியே பெறவில்லை. இடைவேளையில் மெதுவாகக் கேட்டேன், "உங்க டீம் ஆடலையே, வந்திருக்கீங்க?" என்று. அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் பார்த்தார். "ஹாக்கி இங்க நடக்குது. நான் வேற எங்க போவேன்?" என்றார். ஆட்டம் முடிந்து ஸ்பிரிங்ஃபீல்ட் பையன்கள் கோல்கீப்பர் மேல் விழுந்து குவிந்தபோது, அவரும் எழுந்து நின்று கை தட்டினார்.

அந்தப் பதில் எனக்குப் பழக்கமான பதில். என் சொந்த ஊர் கோவில்பட்டி. ஹாக்கிப்பட்டி என்று செல்லமாகச் சொல்வதுண்டு. அது புல்லிலும் டர்ஃபிலும் ஆடும் ஹாக்கி. இதற்கும் அதற்கும் பெயரையும் மட்டையையும் தவிரப் பெரிய உறவு கிடையாது. ஆனால் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் எங்கள் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ரயில்வே அணி ஆடும், இந்தியன் ஆயில் ஆடும். அதில் எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன்கூட இருக்க மாட்டான். இருந்தாலும் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வந்து நிற்பார்கள். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு நானும் போயிருக்கிறேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று யாரும் முடிவு பண்ணிக்கொண்டு வருவதில்லை. யார் நன்றாக ஆடுகிறானோ அவனுக்குக் கை தட்டல்.

ஃபார்கோவுக்கு நான் முதுகலை படிக்கப் போனவன். குளிர்காலத்தில் செய்ய வேறு எதுவும் இல்லாமல் ஐஸ் ஹாக்கிக்குள் விழுந்தேன். அப்புறம் வேலை கிடைத்து மாசசூசெட்ஸ் வந்தேன். இன்றைக்கு வீடு ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம்தான். 2019இல் எந்த ஊர்ப் பையன்கள் ஜெயித்ததைப் பார்த்தேனோ, அதே ஊர். அதனால் இந்தப் போட்டியை இரண்டு முனைகளிலிருந்தும் பார்க்கக் கிடைத்தது. போட்டி நடத்தும் ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பல வருடமாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. ஹாக்கி தெரியாதவர்களுக்கும் புரியும் மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் போட்டியின் அமைப்பு. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு. ஆண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் பிரிவில் அறுபதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஆடுகின்றன. சீசன் முடிவில் 16 அணிகள் தேசியப் போட்டிக்குப் போகும். ஆறு லீக்குகளின் சாம்பியன்களுக்கு நேரடி இடம். மற்ற பத்து இடங்கள் கணக்கிட்ட தரவரிசைப்படி. 16 அணிகளை நான்கு நான்காகப் பிரித்து நான்கு ஊர்களுக்கு அனுப்புவார்கள். இதுதான் மண்டலப் போட்டி. முதல் நாள் இரண்டு ஆட்டம், ஒரு நாள் ஓய்வு, அப்புறம் மண்டல இறுதி. ஜெயித்த நான்கு அணிகளும் பின்னர் ஒரே ஊரில் கூடி ஆடும் கடைசிக் கட்டத்துக்குப் பெயர் ஃபிரோசன் ஃபோர். எல்லாமே ஒற்றை ஆட்டம். தோற்றால் வீட்டுக்கு. சமநிலை என்றால் ஷூட் அவுட் கிடையாது. யாராவது கோல் போடும்வரை இருபது இருபது நிமிடமாக ஓவர்டைம் ஓடும். 2021இல் அதே ஷீல்ஸ் அரீனாவில் மினசோட்டா டுலூத்தும் வடக்கு டகோட்டாவும் ஐந்து ஓவர்டைம் ஆடினார்கள். இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே மிக நீண்ட ஆட்டம் அது. டுலூத் 3-2 என்று ஜெயித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது.

ஃபிரோசன் ஃபோர் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு வருடத்துக்கு முன்பே டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, எந்த அணி வந்தாலும் சரி என்று போகிற கூட்டம் அதற்கு உண்டு. மண்டலப் போட்டிதான் சிக்கல்.

ஊர் எப்படி முடிவாகிறது? என்.சி.ஏ.ஏ. சில வருடங்களுக்கு ஒருமுறை ஒரே மூச்சில் பல வருடங்களுக்கான விண்ணப்பங்களைக் கேட்கும். விண்ணப்பத்தில் ஒரு பல்கலைக்கழகமோ லீக்கோ நடத்துநராகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பின்னால் அரங்கத்தின் நிர்வாகம், நகரத்தின் விளையாட்டு வளர்ச்சி அமைப்பு, ஹோட்டல்காரர்கள் எல்லாரும் நிற்பார்கள். அரங்கம் மார்ச் கடைசி வாரம் காலியாக இருக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் இந்த அரங்குகளில் பாதிக்கு மேல் வேறு தொழில்முறை அணிகளின் வீடு. ஆலன்டவுனில் பி.பி.எல். சென்டர் லீஹை வேலி ஃபேன்டம்ஸ் அணியுடையது. டொலிடோவில் ஹன்டிங்டன் சென்டர் வாலாய் அணியுடையது. மண்டலப் போட்டி வந்தால் அவர்கள் அந்த வாரக் கடைசியில் வெளியூரில் ஆடியாக வேண்டும். நான்கு அணிகளுக்கும் உடைமாற்றும் அறைகள் வேண்டும், ஒளிபரப்புக்கான இடம் வேண்டும். வேலிப் பலகைகளில் உள்ள உள்ளூர் விளம்பரங்களை எல்லாம் மறைக்க வேண்டும். தினமும் போகிற அரங்கம் அந்த மூன்று நாளும் கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி இருக்கும்.

2020 அக்டோபரில் ஓர் அறிவிப்பு வந்தது. 2023 முதல் 2026 வரைக்கும் எந்தெந்த ஊர் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அதாவது 2026 மார்ச்சில் எங்கே ஆட்டம் என்பது ஐந்தரை வருடம் முன்பே தெரியும். ஆனால் யார் ஆடப்போகிறார்கள் என்பது எப்போது தெரியும்? ஆட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. முதல் ஆட்டம் வியாழன் அல்லது வெள்ளி. நான்கைந்து நாள்.

என் மனதை அரிப்பது இதுதான். மிச்சிகன் மாநிலத்தின் கேலமசூவில் இருக்கும் ஒரு அம்மா அப்பாவை நினைத்துப் பாருங்கள். 2025இல் அவர்கள் பிள்ளை ஆடும் வெஸ்டர்ன் மிச்சிகன் அணி நாட்டின் முதல் நான்கு அணிகளில் ஒன்று. கேலமசூவிலிருந்து டொலிடோ காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கேயும் மண்டலப் போட்டி நடந்தது. ஆனால் அந்த இடத்துக்கு மிச்சிகன் ஸ்டேட் போனது. இவர்கள் ஃபார்கோவுக்குப் போனார்கள். ஞாயிறு மாலை அறிவிப்பு. திங்கள் காலை விமான டிக்கெட் தேட வேண்டும், ஹோட்டல் தேட வேண்டும், லீவு கேட்க வேண்டும். போய்ச் சேர்ந்தால் முதல் நாளே தோற்கலாம். அவர்கள் தோற்கவில்லை. மினசோட்டா ஸ்டேட்டை இரண்டாவது ஓவர்டைமில் 2-1, மாசசூசெட்ஸை 2-1 என்று வென்றார்கள். கடைசியில் செயின்ட் லூயிஸில் பாஸ்டன் யுனிவர்சிட்டியை 6-2 என்று வென்று தங்கள் கல்லூரியின் முதல் ஹாக்கிப் பட்டத்தையும் எடுத்தார்கள். அந்தப் பாதையின் முதல் இரண்டு படிகளை அவர்கள் ஊர்க்காரர்களில் எத்தனை பேரால் நேரில் பார்க்க முடிந்திருக்கும்?

இதற்கு மேல் ஒரு விதி இருக்கிறது. நடத்துநராகக் கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகம் தகுதி பெற்றுவிட்டால், அந்த அணியை அதே ஊரில்தான் வைக்க வேண்டும். காரணம் புரிகிறது. உள்ளூர் அணி ஆடினால் டிக்கெட் விற்கும், பல்கலைக்கழகமும் விண்ணப்பிக்க முன்வரும். ஆனால் அந்த அணி 13ஆவது இடத்தில் இருந்தாலும் விதி அதேதான்.

2024இல் எங்கள் ஊர் மாஸ்மியூச்சுவல் சென்டரில் நடந்ததை நான் லீவு போட்டுவிட்டுப் பார்த்தேன். நடத்துநர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம். அவர்கள் இருக்கும் ஆம்ஹர்ஸ்ட் அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். கடைசி வரிசையில் தகுதி பெற்று நுழைந்தார்கள். அவர்களோடு மோத டென்வர் அணி கொலராடோவிலிருந்து பறந்து வந்தது. தரவரிசையில் முதல் நான்கில் ஒன்று டென்வர். சீசன் முழுக்க நன்றாக ஆடியதற்குப் பரிசாக அவர்களுக்குக் கிடைத்தது எதிரணியின் கூட்டம். வியாழக்கிழமை பகல். அரங்கம் எங்கும் மெரூன் நிறம். இரண்டு ஓவர்டைம் போய், டென்வர் 2-1 என்று தப்பித்தது. நான் மாசசூசெட்ஸுக்குத்தான் கத்தினேன், மறைக்கவில்லை. ஆனாலும் கார் ஓட்டி வரும்போது இது நியாயமில்லை என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அந்த டென்வர் மறுநாளைக்கு மறுநாள் கார்னெலையும் 2-1 என்று வென்றது. செயின்ட் பால் போய் பட்டத்தையும் வென்றது. தப்பித்தவர்கள் கதை என்பதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அடுத்த வருடம் தப்பிக்காதவர்கள் கதை வந்தது. 2025இல் முதல் நான்கு இடங்களில் ஒன்றான மேய்ன், நாட்டின் வடகிழக்கு மூலையிலிருந்து பென்சில்வேனியாவின் ஆலன்டவுனுக்குப் போனது. எதிரே நடத்துநர் பென் ஸ்டேட், அவர்கள் மாநிலத்திலேயே. மேய்ன் 5-1 என்று தோற்றது. பென் ஸ்டேட் அதற்கு அடுத்து கனெக்டிகட்டை ஓவர்டைமில் வென்று முதல் முறையாக ஃபிரோசன் ஃபோருக்குப் போனது. அவர்கள் நன்றாகவே ஆடினார்கள், அதில் சந்தேகமில்லை. மேய்ன் தன் சொந்த ரிங்கில், அதாவது தன் கல்லூரி ஐஸ் அரங்கில், ஆடியிருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் பொது இடம் என்று பெயர் வைத்துவிட்டு, கீழே இருக்கும் அணிக்கு வீட்டைக் கொடுப்பதை எப்படி ஏற்பது?

இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1948இல் இந்தத் தேசியப் போட்டி தொடங்கியபோது மண்டலம் எதுவும் இல்லை. நான்கே அணிகள். கொலராடோ ஸ்பிரிங்ஸில் பிராட்மூர் என்ற பெரிய ஹோட்டலின் ஐஸ் பேலஸில் ஆடினார்கள். முதல் வருடம் மிச்சிகன், டார்ட்மவுத்தை 8-4 என்று வென்றது. அடுத்த வருடமும் அதே இடம், அதற்கடுத்த வருடமும். 1957 வரை பத்து வருடம் இடம் மாறவே இல்லை. அந்தப் பத்தில் ஆறு பட்டங்களை மிச்சிகன் எடுத்தது. அந்த ரிங்கையே வீடாகக் கொண்ட கொலராடோ காலேஜுக்கு 1950, 1957 என்று இரண்டு. அப்போதே சொந்த வீட்டுச் சலுகை இருந்திருக்கிறது, சரி. ஆனால் நான் கவனிப்பது வேறு ஒன்றை: இந்தப் போட்டி வேர் பிடித்த காலத்தில் அது ஒரே ஊரில் இருந்தது.

அணிகள் கூடக் கூட ஏற்பாடு மாறியது. 1980களில் காலிறுதிகள் கல்லூரிகளின் சொந்த ரிங்குகளிலேயே நடந்தன. இரண்டு ஆட்டம், மொத்த கோல் கணக்கு. 1992 முதல் மண்டலப் போட்டி என்று ஒரே இடத்தில் கூட்டி, ஒற்றை ஆட்டத்தில் முடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் அந்த இடமும் பல சமயம் யாரோ ஒருவருடைய வீடாகவே இருந்தது. மிச்சிகனின் யோஸ்ட் ஐஸ் அரீனா என்றால் பழைய ரசிகர்களுக்கு இன்றும் முகம் மாறும். செங்கல் கட்டடம், கூரைக்குக் கீழே அடைத்து நிற்கும் மாணவர்கள், எதிரணிக் கோல்கீப்பரைப் பெயர் சொல்லிக் கத்தும் கூட்டம். 1998இல் மண்டலப் போட்டி அங்கே நடந்தது. முந்தைய வருட சாம்பியன் வடக்கு டகோட்டாவை மிச்சிகன் 4-3 என்று அங்கேதான் வீழ்த்தியது, பிறகு பட்டமும் வென்றது. 2002இலும் அங்கே, 2003இலும் அங்கே. மூன்று முறையும் மிச்சிகன்தான் வென்றது. 2003இல் இன்னொரு மண்டலம் மினசோட்டாவின் சொந்த மரியூச்சி அரீனாவில். அதை வென்றது மினசோட்டா. பட்டமும் அவர்களுக்கே. இதைப் பார்த்துக் கோபப்பட்டவர்களின் குரல்தான், கல்லூரி வளாகங்களிலிருந்து போட்டியை மெல்ல மெல்ல வெளியே தள்ளியது.

நானும் நெடுநாள் அந்தக் கட்சியில்தான் இருந்தேன். பொது இடம்தான் நியாயம், அங்கேதான் சின்ன அணி பெரிய அணியை வெல்ல முடியும் என்று வாதாடுவேன். ஆனால் எனக்கு மிகப் பிடித்த ஒரு ஆட்டமே என் வாதத்தைக் குழப்பிவிட்டது.

2006. கிராண்ட் ஃபோர்க்ஸில் வடக்கு டகோட்டாவின் சொந்த ரால்ஃப் எங்கல்ஸ்டாட் அரீனா. பதினோராயிரத்துக்கு மேல் உட்காரக்கூடிய பிரம்மாண்டம். தன் வீட்டிலேயே வடக்கு டகோட்டா மண்டலப் போட்டி நடத்துகிறது. அதே மண்டலத்தில் அவர்களுடைய பரம எதிரி மினசோட்டா, அந்த மண்டலத்தின் முதல் தரவரிசையோடு. மினசோட்டாவுக்கு எதிரே வொர்ஸ்டரில் இருக்கும் ஹோலி கிராஸ். அதுவரை ஹாக்கியில் யாரும் பெரிதாக நினைக்காத கல்லூரி. ஹோலி கிராஸ் ஓவர்டைமில் 4-3 என்று ஜெயித்தது. அந்தக் கோலை அடித்தவர் டைலர் மெக்ரெகர். நான் ஃபார்கோவில் இருந்த வருடங்களில் அந்த ஆட்டத்தை நேரில் பார்த்த பலரிடம் பேசியிருக்கிறேன். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: அரங்கம் முழுக்க ஹோலி கிராஸுக்காகக் கத்தியது. வடக்கு டகோட்டாக்காரர்கள் மினசோட்டா தோற்கத்தானே ஆசைப்படுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம், உண்மைதான். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகும் அவர்கள் போகவில்லை, நின்று கை தட்டினார்கள் என்று சொல்லும்போது ஒருவருக்குக் கண் கலங்கியது.

அப்போதுதான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. ஹோலி கிராஸை உயர்த்தியது பொது இடம் இல்லை. அது பொது இடமே இல்லை. ஹாக்கிக்காக நிறைந்திருந்த ஒரு அரங்கம் அது. அதே ஆட்டத்தை முக்கால்வாசி காலியாக இருந்த ஒரு கூடத்தில் ஆடியிருந்தால் அதுவும் பதிவேட்டில் 4-3 என்றே இருந்திருக்கும். ஆனால் இருபது வருடம் கழித்து யாரும் அதைக் கண் கலங்கச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

பிராந்தியமாகவும் பார்க்க வேண்டும். கிழக்கில் கல்லூரிகள் நெருக்கமாக இருக்கின்றன. பாஸ்டனிலிருந்து மான்செஸ்டரோ வொர்ஸ்டரோ பிராவிடன்ஸோ ஒரு மணி நேரச் சொச்சம்தான். எந்த ஊரை எடுத்தாலும் யாரோ ஒருவருக்குப் பக்கம். மேற்கில் அப்படி இல்லை. மினியாபொலிஸிலிருந்து ஃபார்கோ சுமார் 380 கிலோமீட்டர். அதைத்தான் அங்கே பக்கம் என்பார்கள். அதனால் மேற்கு மண்டலங்கள் இடம் தேடி அலைந்துகொண்டே இருந்திருக்கின்றன. கிராண்ட் ராபிட்ஸ், கிரீன் பே, சின்சினாட்டி, சூ ஃபால்ஸ், லவ்லண்ட் என்று. இதில் சில ஊர்களில் கல்லூரி ஹாக்கி என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பத்தாயிரம் இருக்கை உள்ள அரங்கில் மேல் தளத்தைத் திரை போட்டு மறைத்துவிடுவார்கள். பிள்ளைகள் வாழ்க்கையின் மிகப்பெரிய ஆட்டத்தை ஆடும்போது, ஸ்கேட் ஐஸைக் கிழிக்கும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். ஒரு தடவை அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மனைவி கேட்டாள், இது பயிற்சி ஆட்டமா என்று.

அதன் மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2024இல் செயின்ட் லூயிஸ் பக்கம் மேரிலண்ட் ஹைட்ஸில் ஒரு மண்டலம். நடத்துநர் லிண்டன்வுட் பல்கலைக்கழகம். இடம், செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி பயிற்சி செய்யும் சென்டீன் ஐஸ் சென்டர். இருக்கைகள் 2,500 சொச்சம். அங்கே போய் விழுந்த அணிகள் யார்? மிச்சிகன், மிச்சிகன் ஸ்டேட், வெஸ்டர்ன் மிச்சிகன், வடக்கு டகோட்டா. நாட்டிலேயே தங்கள் அணிக்குப் பின்னால் ஊர் ஊராகப் போகிற கூட்டம் உள்ளவை. இடம் போதவே போதாது. யார் மேலும் பழி சொல்ல முடியாது. ஊரை முடிவு செய்யும்போது அணிகள் தெரியாது, அணிகளை முடிவு செய்யும்போது ஊரை மாற்ற முடியாது. ஏற்பாட்டிலேயே அந்தப் பள்ளம் இருக்கிறது.

இதற்குப் பலர் சொல்லும் மருந்து, முதல் சுற்றை மறுபடியும் கல்லூரி ரிங்குகளுக்கே கொடுப்பது. தரவரிசையில் மேலே இருப்பவன் வீட்டில் ஆடட்டும். பெண்கள் போட்டியில் இன்றும் அப்படித்தான். 2022 முதல் 11 அணிகள். காலிறுதிவரை முதல் நான்கு அணிகளின் ரிங்குகளிலேயே நடக்கிறது. விஸ்கான்சினின் லபான் அரீனா இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் சின்ன இடம். நிறைந்து வழிகிறது, தொலைக்காட்சியில் பார்க்கும்போதே நமக்கு வியர்க்கிறது. இந்த மருந்தில் நியாயம் இருக்கிறது. சீசன் முழுக்க உழைத்ததற்கு உண்மையான பரிசு அது. இப்போது இருக்கும் ஏற்பாட்டுக்கும் அதற்கும் இடையில் மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அதற்குத்தான் கை தூக்குவேன்.

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொன்று. யாரும் இதை அதிகம் பேசி நான் கேட்டதில்லை. ஊரை மாற்றாதீர்கள். நான்கு ஊர்களை எடுத்து, பத்து வருடத்துக்கு அங்கேயே வையுங்கள்.

ஓமஹாவைப் பாருங்கள். கல்லூரி பேஸ்பாலின் கடைசிக் கட்டம் 1950 முதல் அந்த ஊரில்தான் நடக்கிறது. நெப்ராஸ்காவில் ஒரு நடுத்தர நகரம். அவர்கள் மாநில அணி அந்தக் கட்டத்தை எட்டுவது அபூர்வம். ஆனாலும் ஜூன் மாதம் வந்தால் அந்த ஊர்க்காரர்கள் லீவு போடுவார்கள். தாத்தா உட்கார்ந்த பக்கத்தில் பேரன் உட்காருவான். யாரோ லூசியானாவிலிருந்து வந்த அணியை அந்த வாரத்துக்குத் தத்தெடுத்துக்கொள்வார்கள். பாஸ்டனில் பீன்பாட் என்ற கல்லூரி ஹாக்கிப் போட்டி இருக்கிறது, 1952 முதல். நான்கே கல்லூரிகள், பிப்ரவரியின் முதல் இரண்டு திங்கட்கிழமைகள். யார் எந்த இடத்தில் இருந்தாலும், எந்த அணி எவ்வளவு மோசமாக ஆடினாலும், அந்தத் திங்கட்கிழமை என்ன என்று பாஸ்டனில் ஹாக்கி தெரிந்தவனிடம் கேட்கவே வேண்டாம். தேரோட்டம் எப்போது என்று ஊர்க்காரனிடம் கேட்பீர்களா? தேதி உடம்பிலேயே இருக்கும். அந்த வாரத்துக்கு யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள்.

மண்டலப் போட்டிக்கு அந்தப் பழக்கம் வருவதற்கு நாம் நேரமே கொடுப்பதில்லை. ஒரு வருடம் பிரிட்ஜ்போர்ட், மறு வருடம் பிராவிடன்ஸ், அதற்கடுத்து வேறு எங்கோ. ஊர்க்காரன் இது என்ன என்று தெரிந்துகொள்வதற்குள் அது அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. டிக்கெட்டும் மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து, அணிகள் தெரிவதற்கு முன்பே விற்பனைக்கு வருகிறது. அதை வாங்கக்கூடியவன் ஹாக்கிக்காகவே வருகிறவன் ஒருவன்தான். அவனை உருவாக்கப் பத்து வருடம் வேண்டும்.

எந்த ஊர்கள் என்று கேட்டால் என்னிடம் பட்டியல் உண்டு. மேற்கில் ஃபார்கோ, சந்தேகமே இல்லை. ஐந்தாயிரம் பேர் கொள்ளும் அரங்கம். அந்த அளவுதான் சரி. நாலாயிரம் பேர் வந்தாலும் நிறைந்த மாதிரி இருக்கும். கிழக்கில் மான்செஸ்டர். நியூ ஹாம்ப்ஷயரின் அந்த நகரம் இந்தப் போட்டியைப் பலமுறை நடத்தியிருக்கிறது, பாஸ்டன்காரர்களும் வந்துவிடுவார்கள். கிராண்ட் ராபிட்ஸ் அல்லது டொலிடோ, மிச்சிகன் கல்லூரிகள் அத்தனைக்கும் பொதுவாக. நான்காவது இடத்துக்கு நானே என்னுடன் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். மனது வொர்ஸ்டர் என்கிறது. ஆனால் கிழக்கில் இரண்டும் பாஸ்டனைச் சுற்றியே இருந்தால் நியூயார்க் மாநிலக் கல்லூரிகளுக்கு அநியாயம். அதனால் ஆல்பனி.

கூடவே நடத்துநர் விதியையும் எடுத்துவிட வேண்டும். நடத்துவது ஊராக இருக்கட்டும், பல்கலைக்கழகமாக வேண்டாம். உள்ளூர் அணி மேலே இருந்தால் பக்கத்து ஊரில் ஆடட்டும், அது அவர்கள் சம்பாதித்தது. கீழே இருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பட்டும். இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஃபார்கோவில் வருடா வருடம் நடந்து, வடக்கு டகோட்டா முதல் நான்கில் வரும் வருடங்களில் அது அவர்கள் வீடாகத்தான் இருக்கும். பிராட்மூரில் கொலராடோ காலேஜுக்கு இருந்த மாதிரி. அந்த ஊரில் இருந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்தாமல் இருக்கிறதோ என்று என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். இருக்கலாம். ஆனால் 2017இல் அதே ஃபார்கோவில் வடக்கு டகோட்டாவை பாஸ்டன் யுனிவர்சிட்டி இரண்டு ஓவர்டைமில் வென்றது. 2021இல் ஐந்து ஓவர்டைம் கதையைச் சொன்னேன். வீடு எப்போதும் காப்பாற்றுவதில்லை.

அந்தப் பச்சை ஜெர்சி அம்மாவைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். அன்றைக்கு அவர் கை தட்டிய அமெரிக்கன் இன்டர்நேஷனல் காலேஜ் இன்று முதல் பிரிவிலேயே இல்லை. 2024-25 சீசனோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. அவர்கள் ஆடிய அதே மாஸ்மியூச்சுவல் சென்டரில்தான் 2024 மண்டலப் போட்டியும் நடந்தது.

அந்தப் போட்டியின் இறுதிக்கு, சனிக்கிழமை, ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். மாசசூசெட்ஸ் தோற்றாகிவிட்டது. பன்னிரண்டு வருடம் கழித்துத் தகுதி பெற்று, நீலச் சட்டையில் பெரும் கூட்டமாக வந்திருந்த மேய்ன்காரர்களும் தோற்றுப் போய்விட்டார்கள். டென்வரும் கார்னெலும்தான் மிச்சம். வியாழக்கிழமையைவிட ஆள் குறைவு. எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு எந்த அணி எது என்று தெரியாது. சிவப்பு ஜெர்சிக் கோல்கீப்பர் விழுந்து தடுக்கும்போதெல்லாம் எழுந்து நின்று தட்டினாள், வெள்ளை ஜெர்சிக் கோல்கீப்பர் தடுத்தாலும் தட்டினாள்.

வெளியே வரும்போது கேட்டாள், "அப்பா, அடுத்த வருஷமும் இங்கதான?"

"இல்லடா. அடுத்த வருஷம் வேற ஊரு."

"ஏன்?"

பார்க்கிங் வரைக்கும் சொல்லிக்கொண்டே போனேன். காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகும் கேட்டாள், ஏன் என்று.